ஆக்சிலியா பிடுங்கிய ஆணி

சிலுவையைப் பிடுங்கினாள் என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள். அவள் பிடுங்கியது ஆணியை. சிலுவையை முதலில் இரண்டு கையாலும் இறக்கினாள், முந்தானையால் தூசி துடைத்தாள், மேசையில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் சுத்தியலை எடுத்தாள். அன்றைக்கு அந்தக் கருவாட்டுக் கொட்டகைக்குள் பதினொரு பெண்கள் நின்றார்கள். பதினொரு பேரும் பார்த்தார்கள். பார்த்த கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, குழாயடிக்கு வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டே நம்பர் எழுதினாளாம். யார் பார்த்தது? ஜாக்குலின் சொன்னாளாம். ஜாக்குலின் பார்த்தாளா? இல்லை, அவளுக்கும் யாரோ சொன்னார்களாம். இப்படி ஒவ்வொருத்தியும் அடுத்தவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால், முதலில் பார்த்தவள் யார்? இந்த லாங் ஐலண்ட் தீவை முழுக்கச் சுற்றினாலும் அந்த மகராசி அகப்படமாட்டாள். நடந்ததை இப்போது கேளுங்கள். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பாதியில் போய், பாதிக் கதையை ஊருக்குள் விற்கவேண்டாம்.

ஆக்சிலியாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பனும் ஆத்தாளும் குளச்சல் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர்கள். அவள் பிறந்தது, பத்தாவது வரை படித்தது, டெர்வினுக்கு வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்தத் தீவில்தான். டெர்வின் பிறத்தியார் டுங்கியில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன். சொந்தப் படகு கிடையாது. அவன் கொண்டுவருகிற மீனில் விற்றதுபோக மிஞ்சியதை அவள் உப்பிட்டுக் காயவைப்பாள்.

கருவாட்டை அவள் கண்ணால் பார்த்து முடிவு செய்யமாட்டாள். நெத்திலியை எடுத்து நடுவில் ஒடிப்பாள். சத்தம் கேட்டால் ஆயிற்று. வளைந்துகொடுத்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சூரைத் துண்டு என்றால் வயிற்றுப் பக்கம் கட்டைவிரலை அழுத்துவாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் திரும்ப வெயிலுக்குப் போகவேண்டும். "இன்னும் ஒரு நாள்" என்பாள். யார் வீட்டு மீனாக இருந்தாலும் அதே பேச்சுத்தான். ஜாக்குலின் தன் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக் காயவைத்ததை ஆள்களுக்கு நடுவில் முகர்ந்து பார்த்து, "இது முந்தாநாள் செத்த மீனு அக்கா, உப்புப் போட்டு மறைக்கப் பாக்கியள்" என்று சொன்னவள் அவள். ஊர் அவளை வெறுக்க ஆரம்பித்தது ஆணியினாலா? ஆணி வந்தது போன வருஷம். வெறுப்புக்கு வயது அதைவிட அதிகம்.

போன வருஷம் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போர்ட் பிளேயரிலிருந்து ஓர் ஆபீஸ்காரர் வந்தார். பெயர் நந்தகுமார். மகளிர் குழுவுக்கு வெயிலில் மீன் காயவைக்கிற கொட்டகை போட்டுத் தந்தார். இரும்புக் குழாயை வளைத்து, மேலே கண்ணாடிபோல் வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தாள் போர்த்தியது. உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்குத் தட்டு. ஒரு காற்றாடி. வெளியே மேசையில் ஒரு டப்பா. அதில் சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடும். டப்பாவிலிருந்து நீளமாக ஒரு வயர் உள்ளே போகும். வயரின் நுனியில் சுண்டுவிரல் பருமனில் ஓர் இரும்புக் குச்சி. அதைச் சென்சார் என்றார். அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சூடுதான் டப்பாவில் தெரியும்.

"இது பரிசோதனைங்க அக்கா" என்றார். "உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துல காயுது, இதெல்லாம் எழுதணும். ஐம்பத்தஞ்சைத் தாண்டினா காத்தாடி தானாச் சுத்திச் சூட்டை வெளியே தள்ளும். ஐம்பதுக்கு மேல மொத்தம் எட்டு மணி நேரம் நின்னுச்சுன்னா மீன் காஞ்சாச்சு. பையில போட்டுக் கட்டிடலாம்."

மணிக்கு ஒரு தரம் நம்பரைப் பார்த்து எழுத ஒருத்தி வேண்டும். தமிழும் எழுதி, ஆங்கில எண்ணும் எழுதத் தெரிந்தவள் குழுவில் ஆக்சிலியா ஒருத்திதான். ஜாக்குலின்தான் குழுத் தலைவி; அவளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவளால் மணிக்கு ஒரு தரம் வெயிலில் நடக்கமுடியாது.

சென்சார் கட்டிய கதைக்கு வருவோம். நந்தகுமாருக்குத் திரும்புகிற கப்பலுக்கு நேரமாகிவிட்டது. ஜெட்டியை நோக்கி நடந்துகொண்டே, "உள்ளே எங்கயாவது கட்டிடுங்க, தாள்ல மட்டும் படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுவதற்குக் கொட்டகையில் ஆணி எங்கே இருக்கிறது? எல்லாம் வழுவழுவென்று குழாய். வாசலுக்கு மேலே, உள்பக்கம், ஒரே ஒரு மரச்சட்டம். மறுநாள் சாமியார் கொட்டகையை மந்திரிக்க வருகிறார் என்று கோவில் உபதேசியார் ஜெபராஜ் அதில் ஆணி அடித்துச் சிலுவையை மாட்டிக்கொண்டிருந்தார். ஜாக்குலின் வயரைக் கொண்டுபோய் அதே ஆணியில் சுற்றினாள்.

"ஆண்டவர் கையிலயே இருக்கட்டும் உபதேசியாரே. அவரே பாத்துக்கிடுவாரு."

ஜெபராஜுக்கும் அது நன்றாகத்தான் பட்டது. வயர் நழுவக்கூடாதென்று ஆணியை மேல்பக்கமாக வளைத்து, வயரைச் சட்டத்தோடு இறுக்கி அடித்துவிட்டார். மறுநாள் சாமியார் வந்தார், செபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார். சிலுவைமேலும் விழுந்தது, ஆணிமேலும் விழுந்தது, சென்சார்மேலும் விழுந்தது. நம்மவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மந்திரித்த பொருளை அடுத்த வருஷ மந்திரிப்பு வரை இடம் மாற்றமாட்டோம். படகில் கட்டிய செபமாலை இற்றுப்போனாலும் விடமாட்டோம். இப்படி ஓர் இரும்புக் குச்சி புனிதப் பொருளாகிவிட்டது.

முதல் ஈடு மீனைத் தட்டில் பரப்பினார்கள். காலை பத்து மணிக்கே டப்பா ஐம்பத்திரண்டு காட்டியது. பதினொன்றுக்கு ஐம்பத்தாறு. காற்றாடி சுற்ற ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. காட்டியதை ஆக்சிலியா எழுதினாள். இரண்டு பகலில் எட்டு மணி நேரம் சேர்ந்தது. அவள் கீழ்த்தட்டு நெத்திலி ஒன்றை எடுத்து ஒடித்தாள். வளைந்தது.

நந்தகுமாருக்குப் போன் போட்டாள். "சார், கீழ்த்தட்டு காயல. மேல்தட்டுதான் ஒடியுது."

"டப்பா என்ன காட்டுது?"

"ஐம்பத்தாறு, ஐம்பத்தேழுன்னு காட்டுது."

"அப்ப காஞ்சிருச்சுக்கா. நீங்க பழைய பழக்கத்துல பாக்கிறீங்க. கையை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க."

ஜாக்குலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "சார் படிச்சவரு. நீ என்ன படிச்ச ஏட்டி?" என்றாள். பைகளைக் கட்டச் சொன்னாள். அடுத்த இரண்டு ஈடும் அதே மாதிரி. அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்தார்கள்.

மூன்று ஈட்டுச் சரக்கும் ஒன்றாகக் கப்பலேறிப் போயிற்று. போர்ட் பிளேயரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறக்கி, ஆபீஸ்காரர்கள் பையைத் திறந்தபோது நாற்றம். மீன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை, நடுநடுவே செங்கல் நிறத்தில் திட்டு. போட்டோ எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். கீழே ஒரே ஒரு கேள்வி: ரீடிங் எழுதியது யார்?

அன்றைக்குச் சாயங்காலமே கட்டில் கதை பிறந்தது. வெயிலுக்குச் சோம்பல்பட்டு, வீட்டில் படுத்துக்கொண்டே ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று இட்டுக்கட்டினாள் என்றார்கள். ஆக்சிலியா சரக்கு கெட்டதற்குக்கூட அவ்வளவு வருத்தப்படவில்லை. பொய் எழுதினாள் என்று சொன்னார்களே, அது அவளை அறுத்தது. முதல் நாளிலிருந்து காயவில்லை காயவில்லை என்று கத்தியவள் அவள் ஒருத்தி. இப்போது காய்ந்ததாகப் பொய் சொன்னவளும் அவளாம்.

மறுநாள் உச்சிவெயிலில் வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மலேரியா வந்த வீட்டில் எல்லாம் கிடக்குமே, பாதரசம் வைத்த கண்ணாடிக் குச்சி, அதுதான். கையோடு கொண்டுபோன ஈர மீனைக் கீழ்த்தட்டில் பரப்பி, அதற்கு அடியில் வைத்து ஐந்து நிமிஷம் பொறுத்து எடுத்தாள். நூற்றி மூன்று. காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குள் சூடு. அந்தச் சூட்டில் மீன் காயுமா? வேர்க்கும். அதே நேரம் வெளியே டப்பாவில் ஐம்பத்தெட்டு.

அவள் வாசல் மேலே அண்ணாந்து பார்த்தாள். கூரைத் தாளுக்கு ஒரு சாண் கீழே குச்சி தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டாள், விரல் சுட்டது. ஓர் அலுமினியத் தட்டை எடுத்து, குச்சிமேல் வெயில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை மரத்துப்போகும்வரை நின்றுவிட்டு, போய் டப்பாவைப் பார்த்தாள். ஐம்பத்தொன்று. நிழல் போட்டதற்கே ஏழு இறங்கிவிட்டது. மிச்சம் உயரத்தின் வேலை. கொட்டகைச் சூடெல்லாம் மேலே போய்க் கூரையடியில் நிற்கிறது. சென்சாரும் அங்கேயே போய் நிற்கிறது. அது சொல்வதைக் கேட்டுக் காற்றாடி நல்ல சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மீனோ கீழே ஈரத்தில் கிடக்கிறது. மூன்று தட்டுக்கும் ஒரே சூடு என்று நினைத்து ஒரே நம்பரை எழுதியிருக்கிறார்கள். அந்த நம்பர் ஒரு தட்டின் சூடும் இல்லை. ஆணியின் சூடு.

காய்ச்சல் குச்சியின் கணக்கும் டப்பாவின் கணக்கும் வேறு என்று அவளுக்குத் தெரியும், எப்படி மாற்றுவதென்று மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் சௌமியாவிடம் போய்க் கேட்டாள். சௌமியா ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தாள்: நூற்றி மூன்று என்றால் டப்பாக் கணக்கில் முப்பத்தொன்பதரை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலியா சொன்னாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"டப்பா அம்பத்தெட்டு காட்டும்போ கீழ்த்தட்டுல நூத்தி மூணுதான் இருந்துச்சு. நானே வச்சுப் பாத்தேன்."

ஜாக்குலின் இடுப்பில் கைவைத்தாள். "நூத்தி மூணு பெருசா, அம்பத்தெட்டு பெருசா?"

"அது வேற கணக்குக்கா. இந்தா, சௌமியா எழுதித்தந்த சீட்டு…"

"சீட்டு இருக்கட்டும் ஏட்டி. எது பெருசு, அதச் சொல்லு."

முற்றம் முழுக்கச் சிரித்தது. "அப்ப மீனு வெந்துல்லா போயிருக்கணும்" என்றான் ஒருத்தன். "கருவாடு கேட்டா கொழம்பு வச்சுக் குடுத்துட்டா" என்றான் இன்னொருத்தன். அன்றிலிருந்து அவளுக்கு நூத்திமூணு என்று பெயர். கடையில் அரிசி வாங்க நின்றால், "நூத்திமூணுக்கு வழிவிடுங்கப்பா, சுட்டுரும்" என்பார்கள். சிரித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். முகத்தைத் திருப்பவேண்டாம்.

அடுத்த வாரம் நந்தகுமார் வந்தார். குழுவைக் கொட்டகைக்குள் கூட்டினார்கள். ஆக்சிலியா சீட்டை நீட்டினாள். அவர் வாசித்தார். அண்ணாந்து ஆணியைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். இங்கேதான் நல்ல மனுஷனா இல்லையா என்பது தெரியும்.

"நீங்க சொல்றது சரிதாங்க அக்கா" என்றார், குரலை இறக்கி. "தட்டு நடுவுல, நிழல்ல கட்டியிருக்கணும். ஆனா ரிப்போர்ட் மேல போயிருச்சு. சென்சாரைத் தப்பான இடத்துல கட்டினோம்னு எழுதினா திட்டத்தையே கத்தம் பண்ணி மூடிடுவாங்க. ரீடிங் ஒழுங்கா எடுக்கலைன்னு ஒரு வரி எழுதித்தாரேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். உங்களை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

"நான் ஒழுங்கா எடுத்தேன் சார்."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா எழுதச் சொல்லுதிய?"

ஜாக்குலின் சொன்னாள்: "ஒத்த வரிக்குப் பதினோரு பேரு பொழப்பக் கெடுக்கியா? போட்டுட்டுப் போவியா, பேசிட்டு நிக்கா."

அப்போதுதான் ஆக்சிலியா ஸ்டூலை வாசலுக்கு இழுத்தாள். மந்திரித்த ஆணியைத் தொடாதே என்று ஜெபராஜ் கையை நீட்டினார். "நீங்க வயரையும் சேத்து வளச்சு அடிச்சிருக்கியரு உபதேசியாரே. ஆணி வராம அது வராது" என்றாள். சிலுவையை எப்படி இறக்கினாள் என்பதை முதலிலேயே சொல்லியாயிற்று. ஆணியைப் பிடுங்கினாள், வயரை விடுவித்தாள், ஆணியைத் தட்டி நேராக்கி அதே ஓட்டையில் அடித்தாள், சிலுவையை மாட்டி நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். சென்சாரை நடுத்தட்டில், மீன் பரப்புகிற இடத்துக்குப் பக்கத்தில், தூண்டில் நரம்பால் கட்டித் தொங்கவிட்டு, மேலே அலுமினியத் தட்டைக் கவிழ்த்து நிழல் செய்தாள்.

எல்லோரும் வெளியே வந்து டப்பாவைச் சுற்றி நின்றார்கள். ஐம்பத்தேழு. ஐம்பத்து மூன்று. காற்றாடி தானாக நின்றது. நாற்பத்தெட்டு. காற்றாடி தானாக நின்றது. நாற்பத்து மூன்று. அதில் நின்றுவிட்டது. பதினொரு பெண்கள், ஓர் உபதேசியார், ஓர் ஆபீஸ்காரர். ஆக்சிலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தியாவது "நீ பொய் எழுதலட்டி" என்று சொல்வாள் என்று காத்திருந்தாள்.

"சிலுவைய எறக்கிட்டா, பாத்தியளா" என்றாள் ஜாக்குலின்.

கூட்டத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்துவிட்டது. சூட்டைப் பற்றிய பேச்சு அதோடு போயிற்று.

நான்காவது ஈடு அவள் கட்டிய இடத்தில் சென்சார் இருக்க, நாலு பகல் எடுத்துக் காய்ந்தது. கீழ்த்தட்டு நெத்திலியும் ஒடிந்தது. போர்ட் பிளேயரில் பாராட்டினார்கள். பையைப் பிடித்துக்கொண்டு ஜாக்குலின் நிற்கிற போட்டோ வந்தது. ஆக்சிலியாவைக் கொட்டகைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாக ஜெபராஜ் ஆளனுப்பினார். "எதுக்குன்னு கேட்டு வா" என்று அவள் ஆளைத் திருப்பியனுப்பினாள். அந்த ஒரு வரிக் காகிதமோ கையெழுத்து இல்லாமலே கிடந்தது. இடம் மாற்றியதை ஏற்றுக்கொண்டார்கள்; ஆனால் முதல் மூன்று ஈடு கெட்டதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

அவள் மசியவில்லை என்றதும் டெர்வினைப் பிடித்தார்கள். காலையில் டுங்கிக்காரர்கள் அவனைக் கூப்பிடாமல் போனார்கள். ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். அவன் கரையில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். மீனோடு வந்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் நந்தகுமார் போன் பண்ணினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "காகிதம் வந்துருச்சுங்க அக்கா. கையெழுத்துப் போட்டதுக்கு ரொம்ப நன்றி. நீங்க பெரிய மனசு பண்ணிட்டீங்க."

அவள் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். டெர்வின் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"எம் பேர யாரு எழுதுனா?"

அவன் வாயைக் கொப்பளித்தான். அவசரமில்லாமல் முகம் துடைத்தான். "ஜாக்குலின் வீட்டுல வச்சுக் குடுத்தாவ. வீட்டுக்காரன் போட்டாலும் சலேகா, செல்லும்னு சொன்னாவ."

"வீட்டுக்காரன் பேரையா போட்டிய?"

"உன் பேரத்தான்." அவன் துண்டைத் தோளில் போட்டான். "ஒரு கையெழுத்துதானட்டி. நான் கடலுக்குப் போவாண்டாமா? காகிதத்த எவன் படிக்கப் போறான்?"

"நான் பொய் எழுதுனேன்னு நானே சொன்ன மாதிரில்லா ஆச்சு."

"ஊரே சொல்லுது. நீ சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

அவள் உள்ளே போய் அடுப்பிலிருந்த சோற்றை வடித்து, ஈரம் வற்ற மறுபடி தணலில் வைத்தாள். நேற்றைய மீன்குழம்பைச் சூடாக்கி மூடிவைத்தாள். கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டினாள். மாற்றுச்சேலை இரண்டையும் ஆதார் அட்டையையும் பைக்குள் வைத்தாள். டெர்வின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"போர்ட் பிளேயருக்கு. அந்தக் காகிதத்துல இருக்கது எங் கையெழுத்தில்லன்னு சொல்ல."

"சொன்னா நான் மாட்டிக்கிடுவேன்லா."

"ஆமா."

"உன்ன அந்த ஆபீசுக்குள்ள எவன் விடுவான்?"

"விடாட்டி வெளிய நிப்பேன்."

அவன் நிலைப்படியில் கையை வைத்து மறித்தான். அடிக்கிறவன் இல்லை டெர்வின். அதுவரை அவள்மேல் கைவைத்ததில்லை. "இப்ப போனா, திரும்பி வரும்போ இந்தக் கதவு தொறந்திருக்காது" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் கொட்டகை வாசலில் பதினொரு முகத்தில் தேடியதை இந்த முகத்திலும் ஒரு தரம் தேடினாள். பிறகு அவன் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டு, தணலில் இருக்கிற சோற்றை ஈரம் வற்றியதும் இறக்கிவைக்கச் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.